கதை கிளப்பிய கேள்வியோடு வேதாகமத்தைத் திறப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு நாவலைப் படித்து முடித்தவர், அல்லது ஒரு படத்தைப் பார்த்தவர், "இயேசுவுக்குத் திருமணம் ஆகியிருந்ததா?", "பைபிளில் எந்தப் புத்தகம் இருக்க வேண்டும் என்று ரோமப் பேரரசர்தான் முடிவு செய்தாராமே?" என்று கேட்கிறார். பெரும்பாலும் அவருக்குக் கிடைப்பது இரண்டு பதில்கள். "அது வெறும் கதை, விடுங்கள்" என்பது ஒன்று, "அதையெல்லாம் ஏன் படிக்கிறீர்கள்?" என்பது இன்னொன்று. இரண்டுமே கேட்டவரைத் தனியே விட்டுவிடுகின்றன. கேள்வி அவரை விட்டுப் போவதில்லை. அதை எடுத்துக்கொண்டு, கதையைவிட மோசமான ஆதாரங்களைத் தேடிப் போகிறார்.

கதையிலிருந்து வந்தது என்பதால் ஒரு கேள்வியின் மதிப்பு குறைந்துவிடாது. பல வருடம் ஆராதனைக்குப் போன ஒருவர் நீசேயா சங்கம் (325-ல் ஆயர்கள் கூடிய சபைக் கூட்டம்) என்ற பெயரை முதன்முதலாக ஒரு துப்பறியும் நாவலில் கேள்விப்படுகிறார் என்றால், அந்த நாவல் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. அதன் வழியே எப்படி உள்ளே போவது என்பதற்கான வழிகாட்டி இது. தனியாகப் படிப்பவர்களுக்கும், வாசிப்புக் குழுவோ இளையோர் வகுப்போ நடத்துபவர்களுக்கும் பயன்படும்.

தேவையானவை குறைவு. அந்தக் கதை கையில் இருக்க வேண்டும். வேதாகமத்தின் இரண்டு மொழிபெயர்ப்புகள் வேண்டும். ஒன்று பழைய திருப்புதலாகவும் மற்றது பொது மொழிபெயர்ப்பாகவும் இருந்தால் நல்லது. கடைசிப் புத்தகம் ஒன்றில் 'வெளிப்படுத்தின விசேஷம்' என்று இருப்பது மற்றதில் 'திருவெளிப்பாடு' என்று இருக்கும், ஆகவே பொருளடக்கத்தை முதலிலேயே ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பேடும் வேண்டும்.

முதல் படி: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"அந்தப் படம் கிறிஸ்தவத்தையே கேள்விக்குள்ளாக்கிவிட்டது" என்பது மனநிலை. "மகதலேனா மரியாள் இயேசுவின் மனைவி என்று பழைய சுவடி ஒன்றில் இருக்கிறதா?" என்பது கேள்வி. இரண்டாவது வடிவத்துக்கு வரும்வரை எழுதி அடித்துத் திருத்துங்கள். ஒரு கதையிலிருந்து நான்கைந்து கேள்விகள் வந்தால் ஒவ்வொன்றையும் தனி வரியில் எழுதுங்கள். ஒன்றாகக் கலந்தால் எதற்கும் பதில் வராது.

கேள்விக்குக் கீழே இன்னொரு வரி: இதைக் கதையில் சொல்வது யார்? பாத்திரமா, கதைசொல்லியா, அல்லது முன்னுரையில் ஆசிரியரே தன் பெயரில் சொல்கிறாரா? ஒரு பாத்திரம் பேசுவது ஆசிரியரின் கருத்தாக இருக்க வேண்டியதில்லை. வில்லன் வேத வசனத்தைத் திரித்துப் பேசுவது கதையின் தேவையாக இருக்கலாம். மத்தேயு 4-ல் பிசாசும் 91-ம் சங்கீதத்தை மேற்கோள் காட்டுகிறான் அல்லவா?

எல்லாக் கதைகளும் கதை என்று சொல்லிக்கொள்வதில்லை. டான் பிரவுனின் 'த டாவின்சி கோட்' நாவல் 2003-ல் வந்தபோது அவ்வளவு குழப்பம் ஏற்பட்டதற்கு முக்கியக் காரணம் கதைக்கு முன்னால் இருந்த ஒரு பக்கம். 'உண்மை' என்ற தலைப்பில், சீயோன் மடம் என்ற இரகசிய அமைப்பு 1099-ல் தொடங்கப்பட்டது என்றும், நாவலில் வரும் கலைப்படைப்புகள், கட்டடங்கள், ஆவணங்கள், இரகசியச் சடங்குகள் பற்றிய விவரிப்புகள் துல்லியமானவை என்றும் அந்தப் பக்கம் அறிவித்தது. அந்த அமைப்பு உண்மையில் 1956-ல் பிரான்சில் பியர் பிளாண்டார் என்பவர் பதிவு செய்தது. அதன் பழமைக்குச் சான்றாகக் காட்டப்பட்ட தாள்கள் 1960-களில் பிரெஞ்சு தேசிய நூலகத்தில் சேர்க்கப்பட்ட போலிகள். ஆகவே முன்பக்கத்தையும் பின்குறிப்பையும் தவறாமல் படியுங்கள். படமாக இருந்தால் தொடக்கத்தில் வரும் "உண்மைச் சம்பவத்தைத் தழுவியது" என்ற வரியில் 'தழுவியது' என்பது எவ்வளவு தூரம் போகிறது என்று கேளுங்கள்.

இரண்டாம் படி: கேள்வியின் வகையைப் பிரியுங்கள்

பெரும்பாலான தவறான பதில்கள் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. கேள்வி ஒரு வகை, பதில் வேறு வகை என்று ஆகிவிடுகிறது. நான்கு வகைகளை மனதில் வையுங்கள்.

'வேதத்தில் இப்படி எழுதியிருக்கிறதா?' என்பது வாசித்துப் பார்த்தால் தீரும் கேள்வி. 'இப்படி நடந்ததா?' என்பது வரலாற்றுக் கேள்வி. சுவடிகள், அவற்றின் காலம், அந்தக் காலத்து மற்ற சாட்சிகள் ஆகியவற்றைக் கொண்டு எடைபோட வேண்டும். 'கிறிஸ்தவர்கள் இதை நம்புகிறார்களா?' என்று கேட்டால், எந்தச் சபை என்று முதலில் கேட்க வேண்டும். நான்காவது, கதையை மூடிவைத்த பிறகும் நெஞ்சில் நிற்பது: கடவுள் ஏன் இதை அனுமதித்தார்? துரோகம் செய்தவனுக்கு மன்னிப்பு உண்டா? இதற்குத் தகவல் பதிலாகாது.

முதல் வகைக் கேள்விகள் பல சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஆதியாகமம் 3-ல் 'கனி' என்றுதான் இருக்கிறது, ஆப்பிள் இல்லை. மத்தேயு 2-ல் சாஸ்திரிகள் வருகிறார்கள், மூன்று பேர் என்றோ ராஜாக்கள் என்றோ இல்லை. திகில் படங்களில் சாத்தான் நரகத்தின் அரசனாக உட்கார்ந்திருப்பான். வெளிப்படுத்தின விசேஷம் 20:10-ல் அவன் அங்கே தண்டனை அனுபவிப்பவன். ஏழு கொடிய பாவங்களின் பட்டியல் வேதாகமத்தில் எங்கும் அப்படியே இல்லை. நீதிமொழிகள் 6-ல் கர்த்தர் வெறுக்கும் ஏழு காரியங்கள் வருகின்றன, ஆனால் அது வேறு பட்டியல். இவற்றில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம்.

மூன்றாம் படி: வசனத்தை அதன் அதிகாரத்தோடு படியுங்கள்

கதைக்கு ஒற்றை வசனம் போதும். வாசகருக்குப் போதாது. கதையில் வரும் வசனத்தைக் கண்டுபிடித்ததும், அந்த அதிகாரம் முழுவதையும், முடிந்தால் முந்தைய, பிந்தைய அதிகாரங்களையும் படியுங்கள். யாருக்கு எழுதப்பட்டது, அவர்கள் என்ன கவலையில் இருந்தார்கள் என்பதை ஒரு வரியில் குறியுங்கள்.

கடைசிக் காலக் கதைகளை எடுத்துக்கொள்வோம். விமானத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் உடைகளை விட்டுவிட்டுத் திடீரென மறைகிறார்கள். மிஞ்சியவர்கள் ஏழு வருட உபத்திரவத்தில் சிக்குகிறார்கள். இந்தக் காட்சியின் வேர் 1 தெசலோனிக்கேயர் 4:17. நான்காம் அதிகாரத்தை 13-ம் வசனத்திலிருந்து படித்தால் பவுல் பேசுவது மரித்துப்போன அன்பானவர்களைப் பற்றி என்பது தெரியும். அவர்கள் கர்த்தரின் வருகையைத் தவறவிட்டுவிடுவார்களோ என்று கலங்கியவர்களுக்கு அவர் ஆறுதல் எழுதுகிறார். 18-ம் வசனம் ஒருவரையொருவர் தேற்றச் சொல்லி முடிகிறது. படம் அச்சத்தில் விடும் இடத்தில் பவுலின் கடிதம் தேற்றுகிறது.

அடுத்தது மத்தேயு 24:40-41: ஒருவன் எடுத்துக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான். 37 முதல் 39 வரை சேர்த்துப் படியுங்கள். நோவாவின் காலத்தில் வெள்ளம் வாரிக்கொண்டு போனது பேழைக்கு வெளியே இருந்தவர்களை. அப்படியானால் எடுக்கப்படுவது நல்லதா, விடப்படுவது நல்லதா? இந்த இடத்தில் வேத அறிஞர்கள் பிரிகிறார்கள். உபத்திரவத்துக்கு முன் சபை இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படும் என்ற போதனையை 1830-களில் ஒழுங்குபடுத்திப் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர். 1909-ல் வெளிவந்த ஸ்கோஃபீல்ட் குறிப்பு வேதாகமம் அதை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தது. கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ், லூத்தரன் சபைகள் அதைப் போதிப்பதில்லை. பல பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட், பிரதரன் சபைகள் போதிக்கின்றன. கேள்வி கேட்டவரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். இயேசு மீண்டும் வருவார் என்பது பழைய விசுவாசப் பிரமாணங்களில் உள்ள பொது நம்பிக்கை. கால அட்டவணை அப்படியல்ல.

அந்திக்கிறிஸ்து என்ற பெயர் வெளிப்படுத்தின விசேஷத்தில் ஒருமுறைகூட வருவதில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அது வருவது 1 யோவானிலும் 2 யோவானிலும் மட்டுமே. அங்கே யோவான் பலரைப் பற்றி, தம் காலத்திலேயே இருப்பவர்களைப் பற்றிப் பேசுகிறார். மிருகத்தின் எண்ணான 666 வருவது வெளிப்படுத்தின விசேஷம் 13:18-ல். சில பழைய பிரதிகளில் அது 616. இரண்டாம் நூற்றாண்டின் ஆயர் ஐரேனியுஸ் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தார், 616-ஐ ஏற்கவில்லை. நீரோ ராயன் (ரோமப் பேரரசர் நீரோ) என்ற பெயரை எபிரெய எழுத்தில் எழுதி, ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய எண்களைக் கூட்டினால் 666 வரும். லத்தீன் உச்சரிப்பின்படி எழுதினால் ஓர் எழுத்து குறைந்து 616 வரும். முதல் வாசகர்களுக்கு அந்த எண் தங்களைத் துன்புறுத்திய ஆட்சியின் முகமாகத் தெரிந்திருக்கலாம் என்பது பல அறிஞர்களின் முடிவு. அதைப் புரிந்துகொண்டவர் வாகன எண்ணைக் கண்டு பயப்பட மாட்டார்.

நான்காம் படி: சுவடியின் வயதைக் கேளுங்கள்

"மறைக்கப்பட்ட சுவிசேஷம்" என்று கதை சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். கையில் உள்ள பிரதி எந்த நூற்றாண்டுக்குரியது? மூலம் எப்போது எழுதப்பட்டதாகக் கருதப்படுகிறது? அந்த இடத்தில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது?

பிலிப்பு சுவிசேஷத்தில் வைத்துப் பாருங்கள். எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே 1945-ல் கிடைத்த 13 சுவடிகளின் தொகுப்பில் அது இருந்தது. பிரதிகள் 4-ம் நூற்றாண்டு, மொழி காப்டிக் என்ற பழைய எகிப்திய மொழி. மூலம் 2 அல்லது 3-ம் நூற்றாண்டில் எழுதப்பட்டிருக்கலாம் என்று கருதுகிறார்கள். இயேசு மகதலேனாவை முத்தமிட்டார் என்று நாவல்கள் எடுத்துக்காட்டும் வரியில், எங்கே என்று சொல்ல வேண்டிய இடத்தில் தாள் சிதைந்து ஓட்டையாக இருக்கிறது. அங்கே எந்தச் சொல்லை இட்டாலும் அது ஊகம். முத்தம் அந்தக் காலச் சபைகளில் வாழ்த்தும் முறையாகவும் இருந்தது. 1 கொரிந்தியர் 16:20-ஐப் பாருங்கள். 2012-ல் 'இயேசுவின் மனைவி' என்ற சொற்களோடு ஒரு பாப்பிரஸ் துண்டு உலகச் செய்தியானது; 2016-ல் அது எங்கிருந்து வந்தது என்பது வெளிப்பட்ட பிறகு, அதை வெளியிட்ட பேராசிரியரே அது போலியாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.

திருமணம் பற்றி வேதாகமம் நேராக எதுவும் சொல்வதில்லை. ஆனால் 1 கொரிந்தியர் 9:5-ல் பவுல், மனைவியை உடன் அழைத்துச் செல்லும் உரிமைக்குச் சாட்சியாக மற்ற அப்போஸ்தலரையும் கர்த்தருடைய சகோதரரையும் கேபாவையும் (பேதுருவையும்) காட்டுகிறார். கர்த்தரே திருமணமானவராக இருந்திருந்தால் பவுலின் வாதத்துக்கு அதைவிட வலுவான சான்று வேறு எது? அதை அவர் சொல்லவில்லை. மௌனத்திலிருந்து எடுக்கும் வாதம் என்றாலும் இது கனமானது.

இதே கதைகள் ஒரு நல்ல காரியத்தையும் செய்தன: மகதலேனாவை மக்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் விபசாரி என்று எந்தச் சுவிசேஷமும் சொல்லவில்லை. லூக்கா 8:2 ஏழு பிசாசுகள் நீங்கியவர் என்கிறது. லூக்கா 7-ல் வரும் பாவியான பெண்ணுக்குப் பெயரே இல்லை. மேற்கத்திய மரபில் இருவரையும் ஒருவராக்கியது பாப்பரசர் முதலாம் கிரகோரி 591-ல் ஆற்றிய பிரசங்கம். கிழக்குச் சபைகள் அப்படி இணைக்கவே இல்லை. 2016-ல் வத்திக்கான் மகதலேனாவின் ஜூலை 22 நினைவு நாளை அப்போஸ்தலர்களுக்கு இணையான விழாவாக உயர்த்தியது. யோவான் 20-ஐப் படியுங்கள்: உயிர்த்த இயேசுவை முதலில் கண்டவர் அவர், அதை அறிவிக்க அனுப்பப்பட்டவரும் அவர். கதை எழுப்பிய கேள்வி பல நூற்றாண்டுகால அநியாயம் ஒன்றைத் தொட்டது.

இனி நீசேயா. 325-ல் கான்ஸ்டன்டைன் பேரரசர் கூட்டிய சங்கத்தில் பைபிள் புத்தகங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன, இயேசு கடவுள் என்று சொற்ப வாக்கில் முடிவானது என்று கதைகள் சொல்கின்றன. அந்தச் சங்கத்தின் 20 விதிகள் நம்மிடம் இருக்கின்றன. ஒன்றில்கூட வேதநூல் பட்டியல் இல்லை. விவாதம், குமாரனாகிய இயேசு படைக்கப்பட்டவர் என்ற ஆரியுஸ் என்ற குருவின் போதனை பற்றியது. ஏறத்தாழ 300 ஆயர்கள் கூடியிருந்ததில் இறுதிவரை சங்கத்தின் விசுவாசப் பிரமாணத்தை ஏற்க மறுத்தவர்கள் இருவர். இயேசுவைத் தேவனாக வழிபடுவது அதற்கு 200 வருடங்களுக்கு முன்பே இருந்தது: கிறிஸ்தவர்கள் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று ஏறத்தாழ 112-ல் ரோம ஆளுநர் பிளினி பேரரசருக்கு எழுதினார். அவர் விசுவாசி இல்லை, அதனால் அவருடைய சாட்சி விலையுள்ளது.

புத்தகப் பட்டியல் மெதுவாக உருவானது. சுவிசேஷங்கள் நான்கே என்று ஐரேனியுஸ் ஏறத்தாழ 180-ல் வாதிட்டார். எபிரெயர், யாக்கோபு, 2 பேதுரு, யூதா, வெளிப்படுத்தின விசேஷம் பற்றி 4-ம் நூற்றாண்டிலும் தயக்கம் இருந்தது. இன்றுள்ள 27 புத்தகங்களை அப்படியே நாம் காண்பது அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸின் 367-ம் ஆண்டு ஈஸ்டர் கடிதத்தில். கான்ஸ்டன்டைன் செய்தது, தம் புதிய தலைநகரின் ஆலயங்களுக்கு 50 வேதாகமப் பிரதிகளை எழுதித் தரும்படி ஆயர் யூசேபியுஸிடம் கேட்டது. பதில் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "எல்லாம் முதல் நாளிலிருந்தே முடிவாகியிருந்தது" என்று மிகைப்படுத்தினால், கேட்டவர் பிறகு உண்மையைத் தெரிந்துகொள்ளும்போது உங்களை நம்பமாட்டார்.

ஐந்தாம் படி: எந்தச் சபையின் வேதம், எந்தச் சபையின் வழக்கம்?

புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், கத்தோலிக்க விவிலியத்தில் 73. உடன்படிக்கைப் பெட்டியை எரேமியா குகையில் மறைத்தார் என்று ஒரு சாகசக் கதை சொன்னால், அது 2 மக்கபேயர் 2-ல் இருக்கிறது. 66 மட்டும் வைத்திருப்பவர் "பைபிளில் இல்லவே இல்லை" என்று சொல்லித் தோற்பார். விழுந்துபோன தூதர்கள், ராட்சதப் பிள்ளைகள் என்று விரியும் கதைகளுக்கு ஆதியாகமம் 6:1-4 நான்கே வசனம் தருகிறது. மீதி ஏனோக்கின் புத்தகத்திலிருந்து வருகிறது. எத்தியோப்பிய, எரித்ரிய ஆர்த்தடாக்ஸ் சபைகள் அதை வேதமாக ஏற்கின்றன. மற்ற சபைகள் பொதுவாக ஏற்பதில்லை, ஆனால் புதிய ஏற்பாட்டின் யூதா 14-15 அதை மேற்கோள் காட்டுகிறது.

பேயோட்டும் படங்களில் ஒரு குருவானவர் தன் விருப்பப்படி சடங்கைத் தொடங்கிவிடுவார். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 1172, ஆயரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் யாரும் அதைச் செய்யக்கூடாது என்கிறது. மற்ற சபைகளில் வழக்கம் வேறு. அப்போஸ்தலர் 19:13-16-ல் ஸ்கேவாவின் குமாரர் இயேசுவின் பெயரை மந்திரம்போல் பயன்படுத்தி அடிபட்டு ஓடும் காட்சியையும் படியுங்கள். அந்தப் பெயர் சொன்னாலே வேலை செய்யும் கருவி என்ற சினிமா எண்ணத்துக்கு அது நேரடி பதில். கேள்வி கேட்பவர் தனக்கோ வீட்டில் ஒருவருக்கோ குரல்கள் கேட்பதாகவோ, தூக்கமில்லாத பயம் இருப்பதாகவோ சொன்னால் விவாதத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக உதவுங்கள். ஜெபம் கூடவே நடக்கலாம்.

ஆறாம் படி: கடைசியில் மிஞ்சும் கேள்விக்கு அவசரப்படாதீர்கள்

தகவல்கள் சரிபார்க்கப்பட்ட பிறகும் கேட்டவர் எழுந்து போகவில்லை என்றால், அவருடைய உண்மையான கேள்வி இனிமேல்தான் வரும். குழந்தையை இழந்த தாய், கடவுளிடம் கோபப்படும் போர்வீரன், காட்டிக்கொடுத்த நண்பன்: கதைகள் மனதில் தங்குவது இவர்களால்தான்.

இங்கே வேதாகமம் கதைகளைவிடத் துணிச்சலானது. யோபுவின் நண்பர்கள் நேர்த்தியான விளக்கங்கள் தருகிறார்கள். 42:7-ல் கர்த்தர் அவர்கள்மேல் கோபப்பட்டு, யோபு பேசியதே சரி என்கிறார். 88-ம் சங்கீதம் வெளிச்சம் எதுவும் இல்லாமல் இருளில் முடிகிறது, யாரும் அதை நீக்கவில்லை. லூக்கா 13-ல் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றி இயேசு பேசும்போது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்ற எண்ணத்தை மறுக்கிறார். ஏன் அவர்கள் என்பதற்கு விளக்கம் தருவதில்லை. இந்த மூன்றையும் ஒன்றாகப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மாற்கு 14:32-42. கெத்செமனேயில் பயந்து வேண்டிக்கொள்ளும் இயேசு, "கடவுளுக்கு எங்கள் வலி தெரியுமா?" என்ற கேள்விக்கு வாதத்தைவிட நெருக்கமான பதில்.

சில கேள்விகள் திறந்தே இருக்கும். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸை அனுதாபத்தோடு காட்டும் கதைகள் உண்டு. அவன் முடிவைப் பற்றி மத்தேயு 27:5 ஒன்று சொல்கிறது, அப்போஸ்தலர் 1:18 வேறு விதமாகச் சொல்கிறது. இரண்டையும் இணைக்கும் விளக்கங்கள் பழங்காலத்திலிருந்தே இருக்கின்றன. எல்லோரையும் அவை திருப்திப்படுத்தியதில்லை. இரண்டையும் படித்துக் காட்டிவிட்டு, அப்படியே விடுவதில் தவறில்லை.

குழுவாகச் செய்யும்போது

ஆறு முதல் பத்துப் பேர், ஒன்றரை மணி நேரம் போதும். முதல் 15 நிமிடம் கதையை மட்டும் பேசுங்கள்: எந்தக் காட்சி தைத்தது, ஏன். இந்தப் பகுதியை வெட்டினால் கூட்டம் பிரசங்கமாகிவிடும். அடுத்த 10 நிமிடத்தில் கேள்விகளைப் பலகையில் எழுதி வகை பிரியுங்கள். அதில் இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து 40 நிமிடம் வேத பகுதியைச் சத்தமாக, முழு அதிகாரமாகப் படித்துப் பேசுங்கள். மீதி நேரம் நான்காம் வகைக் கேள்விக்கு. வரலாற்றுத் தகவல்களை நடத்துபவர் முன்கூட்டியே அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால், நேரம் தேதிகளில் கரையாது.

நடத்துபவர் கதையைப் படிக்காமல் வந்தால் ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும், அதன் பிறகு அவர் சொல்லும் வசனத்துக்கும் காது கிடைக்காது. கதையில் உள்ள பிழைகளை எண்ணிக்கொண்டே போவதும் கூட்டத்தைச் சோர்வாக்கும், மூன்று போதும். வேற்று சபையினரும், விசுவாசம் இல்லாதவர்களும் அறையில் இருந்தால் "நாம் எல்லோரும் நம்புகிறபடி" என்று தொடங்காதீர்கள். தெரியாத கேள்வி வந்தால் குறித்துக்கொண்டு, அடுத்த சந்திப்பின் முதல் பத்து நிமிடத்தில் தேடிய விடையைச் சொல்லுங்கள். கேட்டவர் அன்று வரவில்லை என்றால் அவருக்குத் தனியாக எழுதி அனுப்புங்கள்.